ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும்

திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் விடியற்காலையில் போய் நின்றால் முதலில் காதில் விழுவது நடத்துநர்களின் குரல். ‘போளூர், கண்ணமங்கலம், வேலூர்’ என்று அவர்கள் நிறுத்தி நிதானமாகச் சொல்வதில்லை. முதல் ஊரில் பாதியை விழுங்கி, நடு ஊரை அப்படியே விட்டுவிட்டு, கடைசி ஊரின் வாலை மட்டும் இழுப்பார்கள். பக்கத்தில் இன்ஜின் உறுமும். பூ விற்பவர் கூவுவார். பௌர்ணமி நாளென்றால் காவல்துறையின் ஒலிபெருக்கியும் சேர்ந்துகொள்ளும். இத்தனைக்கும் நடுவில், பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் கல்லூரி மாணவி தன் பேருந்தைத் தவறவிடுவதில்லை. காதில் விழுந்த பாதி ஒலியைக் கொண்டு மீதியை அவளே நிரப்பிக்கொள்கிறாள்.

அதே மாணவி படிப்பு முடிந்து, சென்னையில் ஒரு தேர்வுக் கூடத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சத்தமில்லாத, குளிரூட்டிய அறை. ஒருவர் ஆங்கிலத்தில் தொலைபேசி வழியாக விடுதி அறை பதிவு செய்கிறார். தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்கிறார், எண்ணைச் சொல்கிறார், பதினைந்தாம் தேதி வருகிறேன் என்கிறார். மறு மூச்சிலேயே ‘இல்லையில்லை, பதினாறு’ என்று மாற்றுகிறார். அவள் பதினைந்து என்று தட்டச்சு செய்து முடித்திருக்கிறாள். அதைத் திருத்தப் போனால் அடுத்த விடை ஓடிவிடுகிறது, அதைத் துரத்தினால் அதற்கடுத்ததும் போய்விடுகிறது. பின்னால் ஓட்டிக் கேட்க வழியில்லை. ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும்.

வெளிநாடு செல்வோரின் ஆங்கிலத் திறனை அளக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் கேட்டல் பகுதி இப்படித்தான் நடக்கிறது. நான்கு பகுதிகள், 40 கேள்விகள், ஏறக்குறைய 30 நிமிடங்கள். முதலில் அன்றாட உரையாடல் ஒன்று, அடுத்து ஒருவரே பேசும் பொது அறிவிப்பு போன்ற பேச்சு, மூன்றாவதாகப் பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியரும் பேசிக்கொள்வது, நான்காவதாக ஒரு பேராசிரியரின் விரிவுரை. பேசுகிறவர்கள் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, அமெரிக்கா என்று எந்த நாட்டு உச்சரிப்பிலும் பேசலாம். கணினி வழித் தேர்வில் கடைசியில் விடைகளைச் சரிபார்க்கக் கிடைப்பது 2 நிமிடம். எழுத்துப்பிழை இருந்தால் மதிப்பெண் இல்லை. பன்மையைக் காட்டும் கடைசி ‘ஸ்’ விட்டுப்போனாலும் இல்லை. இரண்டு சொல்லுக்குள் எழுதச் சொன்ன இடத்தில் மூன்று சொல் எழுதினாலும் இல்லை.

இதில் பணயமாக இருப்பது சின்ன விஷயமல்ல. 40-க்கு 23 சரியாக இருந்தால் ஏறக்குறைய 6 என்ற தரம், 30 இருந்தால் 7, 35 இருந்தால் 8. பிரிட்டனில் செவிலியராகப் பதிவுசெய்ய எழுத்தில் 6.5 போதும் என்று அங்குள்ள செவிலியர் கவுன்சில் தளர்த்தியிருக்கிறது. ஆனால் கேட்டலில் 7 வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. கனடாவின் குடியேற்றக் கணக்கில் ஒன்பதாம் படி என்ற நிலையை எட்டுவதற்கு வாசித்தல், எழுதுதல், பேசுதல் மூன்றிலும் 7 போதும், கேட்டலில் மட்டும் 8 கேட்கிறார்கள். நோயாளி சொல்வதைத் தப்பாகக் கேட்டுக்கொள்ளும் செவிலியரால் என்ன நடக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தக் கண்டிப்பில் நியாயம் இருப்பது தெரியும். மருத்துவத் துறையினருக்கான ஓஇடி தேர்வின் கேட்டல் பகுதியில் 42 கேள்விகள். அவற்றில் 24, மருத்துவப் பணியாளரும் நோயாளியும் பேசிக்கொள்வதைக் கேட்டபடியே குறிப்பேட்டை நிரப்புவது. நோயாளி தன் வலியை ஒழுங்காகத் தொகுத்துச் சொல்ல மாட்டார். மருந்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே மகன் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருவார். தேவையானதைப் பொறுக்கி எடுப்பது கேட்பவரின் வேலை.

ஐஇஎல்டிஎஸ் எழுத ஒரு முறைக்கு 17,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. மதிப்பெண்ணுக்கு ஆயுள் இரண்டு ஆண்டு. செங்கத்திலிருந்தோ தண்டராம்பட்டிலிருந்தோ வரும் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு இரண்டாவது தடவை எழுதுவது என்பது ஒரு போக விளைச்சலில் கைவைப்பது. ஆகவே முதல் தடவையே தேறிவிட வேண்டும் என்ற பதற்றம். அந்தப் பதற்றம் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் கோச்சிங் சென்டர். ஆறு வாரம், எட்டு வாரம் என்று ஒரு கால அளவு. மாதிரித் தேர்வு மேல் மாதிரித் தேர்வு. தமிழில் ‘கேள்வி’ என்ற ஒரே சொல் வினாவையும் குறிக்கும், கேட்பதையும் குறிக்கும். திருக்குறளில் அந்தப் பெயரில் ஓர் அதிகாரமே கேட்பதைப் பற்றியதுதான். நம் பயிற்சி முழுக்க முதல் பொருளிலேயே நின்றுவிட்டது. வினா எப்படி வரும், எதில் மாட்டிவிடுவார்கள், எதை ஊகித்து எழுதலாம் என்று சொல்லித் தருகிறோம். காதைப் பழக்குவது யார் பொறுப்பு என்று யாரும் கேட்பதில்லை.

மாதிரித் தேர்வு எழுதுவது வீண் என்பதல்ல இதன் பொருள். தேர்வின் அமைப்பு பழகுவதற்கு ஐந்தாறு தேர்வு எழுதியே ஆக வேண்டும். ஆனால் முப்பது மாதிரித் தேர்வு எழுதியும் 22, 23 என்று அதே இடத்தில் நிற்கிறவர்கள் ஏராளம். எடை பார்க்கும் இயந்திரத்தில் தினமும் ஏறி இறங்கினால் எடை குறைந்துவிடாது. எந்த ஒலியை அவர்கள் காது தவறவிடுகிறது என்பதை அந்த மதிப்பெண் சொல்வதில்லை.

தவறவிடுவது எதை? பெரிய பெரிய சொற்களை என்று பலர் நினைக்கிறார்கள், அகராதியைப் புரட்டி மனப்பாடம் செய்கிறார்கள். உண்மையில் காதிலிருந்து நழுவுவது ஆறாம் வகுப்பிலேயே படித்த சொற்கள்தான். நாம் ‘வெஜிடபிள்’ என்று எழுத்துக்கு எழுத்து சொல்லிப் பழகியதை அவர்கள் ‘வெஜ்டபுல்’ என்று மூன்று அசையில் முடித்துவிடுகிறார்கள். ‘கம்ஃபர்டபிள்’ அவர்கள் வாயில் ‘கம்ஃப்டபுல்’. ‘ஷெட்யூல்’ என்று பிரிட்டிஷ்காரர் சொல்வதும் ‘ஸ்கெஜுல்’ என்று அமெரிக்கர் சொல்வதும் ஒரே சொல். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேறுபாடு, கடைசி மெய்யெழுத்தைவிட அழுத்தம் எங்கே விழுகிறது என்பதில்தான் அதிகம். தமிழில் அசையழுத்தம் மாறினால் பொருள் மாறுவதில்லை. அதனால் நம் காது அதைக் கவனிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசைகள் தூண்கள் மாதிரி நிற்கும், நடுவில் இருக்கும் சின்னச் சொற்கள் நசுங்கி ஒரு மூச்சாகப் போய்விடும்.

இந்த நசுங்கல் நமக்குப் புதிதா என்றால், இல்லை. ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதுகிற நாம் வீட்டில் ‘வந்துட்ருக்கேன்’ என்கிறோம். திருவண்ணாமலைக் கிராமங்களில் அதுவே ‘வந்துனுகீறேன்’ ஆகிவிடும். ரமணாசிரமத்தைச் சுற்றி மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டினரில் சிலர் ஆசையாகப் புத்தகம் வைத்துத் தமிழ் படிக்கிறார்கள். எழுத்துக் கூட்டிக் கடைப் பலகைகளை வாசிக்கும் அளவுக்கு வந்துவிடுவார்கள். காய்கறிக்கடை அம்மா ‘எவ்ளோ வோணும்?’ என்று கேட்டவுடன் திகைத்து நிற்பார்கள். அவர்கள் படித்த ‘எவ்வளவு வேண்டும்’ என்பதற்கும் காதில் விழுந்ததற்கும் நடுவில் பெரிய பள்ளம். அந்த அம்மா இரண்டாவது தடவை கொஞ்சம் உரக்கச் சொல்வார், அப்போதும் அதே ‘எவ்ளோ வோணும்’தான். நம் மாணவி தேர்வுக் கூடத்தில் மாட்டிக்கொள்வதும் இதே பள்ளத்தில். அவள் படித்தது எழுத்து ஆங்கிலம், காதில் விழுவது வாய் ஆங்கிலம்.

இன்னொரு பக்கமும் இந்த ஊரில் உண்டு. செங்கம் சாலையில் ஆட்டோ ஓட்டுகிறவர்களைக் கவனியுங்கள். ஜெர்மானியர் பேசும் ஆங்கிலம், பிரெஞ்சுக்காரர் பேசும் ஆங்கிலம், ரஷ்யர் பேசும் ஆங்கிலம் எல்லாம் அவர்களுக்குப் பிடிபடுகிறது. இலக்கணம் படித்தவர்கள் அல்ல அவர்கள். ஆனால் வருகிறவர் என்ன கேட்கப்போகிறார் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்கிறார்கள். ஆசிரமமா, பேருந்து நிலையமா, கிரிவலமா, எவ்வளவு என்பதுதான். எதிர்பார்ப்பு தயாராக இருப்பதால் நாலு சொல்லில் ஒன்று விளங்கினாலே அவர்களுக்குப் போதும். ஐஇஎல்டிஎஸ் தேர்விலும் ஒவ்வொரு பகுதி தொடங்குமுன் கேள்விகளைப் படிக்க அரை நிமிடம் போலத் தருகிறார்கள். அது தருவதே இதற்காகத்தான். இங்கே வரப்போவது எண்ணா, ஊரா, கிழமையா, பொருளின் பெயரா என்று ஊகித்து வைத்துக்கொண்டால் காது பாதி வேலையை முடித்துவிடும். பல மாணவர்கள் அந்த நேரத்தில் முந்தைய விடை சரியா தப்பா என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

கேட்டதை உடனுக்குடன் எழுத்தாக்கும் வேலைக்கும் இந்த ஊரில் ஒரு பெரிய முன்னோடி இருக்கிறார். ரமண மகரிஷியின் முன்னால் அமர்ந்து, 1935 முதல் 1939 வரை அங்கே நடந்த உரையாடல்களைக் குறிப்பெடுத்தவர் முனகால வெங்கடராமையா. ரமணர் பெரும்பாலும் தமிழில் பேசுவார். கேட்கிறவர்கள் தமிழர், தெலுங்கர், மலையாளி, ஆங்கிலேயர் என்று பல திறத்தினர். வெங்கடராமையா தமிழ் தெரியாதவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வதோடு, கேட்டதை ஆங்கிலத்தில் குறித்தும் வைத்தார். இன்று உலகெங்கும் வாசிக்கப்படும் பெரிய நூலாக அது நிற்கிறது. ஒலிப்பதிவுக் கருவி இல்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்கும் இடமும் அல்ல. பேசியதில் எது சாரம், எது சுற்றிவளைப்பு என்று கேட்கும்போதே பிரித்துக்கொள்ளும் காது அவருக்கு இருந்தது. விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுக்கும் நான்காம் பகுதி கேட்பது இதே திறமையின் சிறு துளியைத்தான்.

நம் கல்வி அந்தத் திறமைக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது? பத்தாம் வகுப்பு மாநிலப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு உள்ள 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே. மதிப்பெண் இல்லாத எதையும் நம் பள்ளிகள் நடத்துவதில்லை, அதற்கு ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அன்றைய சென்னை மாநிலத்தில் ஆங்கிலம் தொடங்கிவைக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் மாபெரும் திட்டம் நடந்தது. சிலருக்குப் பயிற்சி தந்து, அவர்கள் பலருக்குத் தந்து, பனிப்பந்து மாதிரி உருண்டு பெருகும் என்பதால் ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்றே அதற்குப் பெயர். கிராமப் பள்ளியை எட்டும்போது பந்து கரைந்துபோய்விட்டது என்பது பிற்கால விமர்சனம். பிறகு, சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு 1979-இல் பெங்களூர் திட்டத்தைத் தொடங்கினார். ஐந்து ஆண்டு நடந்த அந்தச் சோதனை வகுப்புகளில் இலக்கணப் பாடம் இல்லை. ஆசிரியர் ஆங்கிலத்தில் பேசுவார், பிள்ளைகள் அதைக் கேட்டு வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பார்கள், ரயில் அட்டவணையைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். பேசு என்று யாரையும் வற்புறுத்தவில்லை. கேட்டுப் புரிந்துகொண்டால் பேச்சு தானே வரும் என்பது பிரபுவின் நம்பிக்கை. உலகம் முழுக்க இன்று செயல்வழி மொழி கற்பித்தல் என்று பேசப்படுவதற்கு முன்னோடிகளில் ஒன்று தென்னிந்தியாவில் நடந்த இந்தச் சோதனை. நம் வகுப்பறைகளில் அதன் தடம்கூட இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

கல்லூரிகளில் கொஞ்சம் அசைவு தெரிகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் கேட்டலும் பேசுதலும் தனி ஆய்வகப் பாடமாகவே இடம்பெற்றது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ் கலை, அறிவியல் கல்லூரி மாணவர்களுக்கும் ஆங்கிலத் திறன் பயிற்சி வந்திருக்கிறது. அரசின் தாட்கோ நிறுவனம் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்வுகளுக்குப் பயிற்சி அளிக்கிறது. வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கான அரசு நிறுவனம் செவிலியர்களுக்குப் பயிற்சி தருகிறது. எல்லாம் நல்லவை, வரவேற்க வேண்டியவை. ஆனால் இவை எல்லாமே பிள்ளைகள் பதினெட்டு வயதைத் தாண்டிய பிறகு, தனியாக ஒரு படிப்பாக, சில வாரங்களோ ஒரு பருவமோ வந்து போகின்றன. காது சில வாரங்களில் பழகுவதில்லை. தினமும் கொஞ்சம் என்று ஓர் ஆண்டாவது வேண்டும்.

அதற்குப் புதிய வித்தை எதுவும் தேவையில்லை. நம் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பழைய பழக்கம் உண்டு. ‘சொல்வதை எழுதுதல்’. ஆசிரியர் ஒரு வரி சொல்வார், பிள்ளைகள் சிலேட்டில் எழுதுவார்கள், பிறகு மாற்றிக்கொண்டு திருத்துவார்கள். தமிழில் ஒன்றாம் வகுப்பிலிருந்து செய்ததை ஆங்கிலத்தில் கல்லூரியில் செய்தால் போதும். எப்படி என்றால் இப்படி: எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும் ஓர் ஒலிப்பதிவை எடுத்துக்கொள்வது. ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதலில் எதுவும் எழுதாமல் முழுதும் கேட்டு, என்ன பேசினார்கள் என்று தமிழிலேயே ஒரு வரி சொல்லிப் பார்ப்பது. அடுத்து ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, கேட்டதை அப்படியே எழுதுவது. புரியாத இடத்தில் காதில் விழுந்த ஒலியைத் தமிழ் எழுத்திலாவது எழுதி வைப்பது. கடைசியில் எழுத்து வடிவத்தைத் திறந்து ஒப்பிடுவது.

அந்த ஒப்பிடுதலில்தான் கண் திறக்கிறது. ‘இட் குடவ் பின் அவாய்டட்’ என்று ஒருவர் சொல்கிறார். மாணவி ‘குட் ஆஃப்’ என்று எழுதியிருப்பாள், அல்லது ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்திருப்பாள். எழுத்து வடிவத்தில் ‘குட் ஹேவ் பீன்’ என்று இருக்கும். ‘ஹேவ்’ அவளுக்குத் தெரியாத சொல் இல்லை. அது வாக்கியத்தின் நடுவில் வெறும் ‘அவ்’ என்று சுருங்கிவிடும் என்பதுதான் தெரியாது. மறுபடி ஒலிக்கவிட்டு அந்த ‘அவ்’வைக் கேட்டு, கூடவே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் அடுத்த முறை அது தப்பிக்காது. இப்படித் தப்பியவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தால், ஒரு மாதத்தில் தன் காதின் ஓட்டைகள் எங்கெங்கே என்று அவளுக்கே தெரிந்துவிடும். ஒருத்திக்கு எண்கள் நழுவும், இன்னொருத்திக்குக் கடைசி ‘ஸ்’ஸும் ‘ட்’டும் நழுவும், வேறொருத்திக்கு ‘கேன்’, ‘கான்ட்’ இரண்டும் ஒன்றாகவே கேட்கும். அவரவர் ஓட்டையை அவரவர் அடைக்க வேண்டும். ஐம்பது பேருக்கும் ஒரே மாதிரித் தேர்வைக் கொடுத்தால் இது நடக்காது.

கேட்பதற்கு எதை எடுப்பது? பிபிசியின் ஆறு நிமிட ஆங்கிலம் நிகழ்ச்சி எழுத்து வடிவத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது. அதைவிடக் கைக்கு எட்டியது ஒன்று இருக்கிறது, பலர் அதை இந்த நோக்கில் நினைத்துப் பார்ப்பதில்லை. ஐஐடி பேராசிரியர்களின் என்பிடெல் விரிவுரைகள். 2003-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இயற்பியல், பொருளாதாரம், இலக்கியம் என்று எல்லாத் துறையிலும் விரிவுரைகள் இருக்கின்றன, எழுத்து வடிவமும் கிடைக்கிறது. வேதியியல் படிக்கும் மாணவி தன் பாடத்தையே ஆங்கிலத்தில் கேட்கலாம். பழகிய இந்திய உச்சரிப்பில் தொடங்கி, விரிவுரை ஒன்று எப்படித் திரும்பும், எங்கே உதாரணம் வரும், ‘ஆனால்’ வந்தால் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பது பிடிபட்ட பிறகு பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் குரல்களுக்குப் போகலாம். பாடமும் ஆகும், காதும் பழகும். கீழே ஓடும் எழுத்துகளை முதல் தடவை மூடிவைக்க வேண்டும், அவ்வளவே. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டால் கண்தான் வேலை செய்யும்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேறு வேலை செய்துகொண்டே கேட்பதைப் பலர் பயிற்சி என்று நினைக்கிறார்கள். ஓசை பழகும் என்ற அளவில் அது சரி. சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வரை வந்துகொண்டிருந்த ரயில் 2024 மே மாதம் முதல் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அந்த நீண்ட பயணத்தில் ஒரு விரிவுரையைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். ஆனால் எழுதிப் பார்க்காத கேட்டல் மதிப்பெண்ணை நகர்த்தாது.

கல்லூரிகளிடம் கேட்க வேண்டியதும் அதிகமில்லை. திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்களில் படிப்பவர்களில் பெரும் பகுதியினர் கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்து போகும், தமிழ்வழியில் படித்த பிள்ளைகள். மூன்றாம் ஆண்டு முடிந்து கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டும் நிலைக்கு அவர்களைத் தள்ளாமல், முதல் பருவத்திலேயே ஆங்கில வகுப்பின் முதல் பத்து நிமிடத்தை ‘சொல்வதை எழுதுதலு’க்குக் கொடுக்கலாம். மொழி ஆய்வகம் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். ஆசிரியரின் செல்போனும் ஒரு சிறு ஸ்பீக்கரும் போதும். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு பங்கை அந்த நோட்டுக்கு ஒதுக்கினால் மாணவர்களும் விட மாட்டார்கள். வாரத்துக்கு நான்கு வகுப்பு என்றால் 40 நிமிடம். ஆங்கில வகுப்பு உள்ள பருவங்களைக் கூட்டினால் அது பல பத்து மணி நேரம், அதுவும் ஒரு ரூபாய் செலவில்லாமல். வரும் கல்வியாண்டுக்கான கால அட்டவணையைத் துறைத் தலைவர்கள் எழுதும்போதே அந்தப் பத்து நிமிடத்தைக் குறித்துவிட வேண்டும்.